விட்ட ரயிலுக்கு ஒரு எட்டு

புதுக் குடியிருப்பின் ஏழாம் பிளாக் ரயில் நிலையத்தை நோக்கி முதன்முதலாக நகர்ந்தது ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஏழு மணி பத்து நிமிடத்துக்கு. ஒரு எட்டு வைத்தது, அதாவது இரண்டரை அடி. மூன்றாம் மாடியில் ஒரு நிலைக்கண்ணாடி சுவரில் சாய்ந்தது, மாடிப்படியில் பால் பாக்கெட்டோடு ஏறிக்கொண்டிருந்த ஒருவர் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார், மற்றபடி சேதம் எதுவும் இல்லை. ஐந்து மாடியும் நாற்பது வீடும் கொண்ட ஒரு கட்டடம் இடம்பெயர்ந்ததைப் பற்றி அன்றைக்கு யாரும் வாயைத் திறக்காததற்குக் காரணம் எளிது. வேலைக்குப் போகிற அத்தனை பேரும் அந்த நேரத்தில் ரயிலைப் பிடிக்க ஓடிக்கொண்டிருந்தார்கள். வீட்டில் இருந்தவர்கள், ஓடிப்போனவர்கள் மறந்துவிட்டுப் போன சாவியையும் கண்ணாடியையும் சாப்பாட்டு டப்பாவையும் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டிருந்தார்கள்.

அவர்கள் ஏன் ஓட வேண்டியிருந்தது என்பதைச் சொல்லாமல் மேலே போக முடியாது. சொல்லவும் எரிச்சலாக இருக்கிறது. நகரத்துக்கு வெளியே ரயில் நிலையம் ஒன்றைக் கட்டி, அதைச் சுற்றி மக்களைக் குடியேற்றினால் யாருக்கும் கார் தேவைப்படாது, பிழைப்பு சுலபமாகும் என்று திட்ட அலுவலகம் முடிவு செய்தது. நல்ல யோசனைதான். அதில் யாரும் குறை சொல்ல முடியாது. அந்த யோசனையை வரைபடத்தில் இறக்கும் பொறுப்பு ஒரு திட்ட அதிகாரியிடம் வந்தது. பிற்காலத்தில் ஊரே ‘காம்பஸ்’ என்று கூப்பிட்ட மனிதர் அவர்தான். காம்பஸின் முள்ளை நிலையத்தின் மேல் ஊன்றி எண்ணூறு மீட்டருக்கு ஒரு வட்டம் போட்டார். எண்ணூறு மீட்டர் என்றால் பத்து நிமிட நடை. வட்டத்தின் கோட்டுக்கு உட்புறமாகப் பன்னிரண்டு பிளாக்குகளை வரிசையாக வைத்தார். விளம்பரத் தாளில் ‘நிலையத்துக்குப் பத்தே நிமிடம்’ என்று அச்சடித்தார்கள். அதை நம்பித்தான் எல்லோரும் வந்தார்கள்.

வட்டத்துக்குள் என்ன இருக்கிறது என்று காம்பஸ் பார்க்கவில்லை. பிளாக்குகளுக்கும் நிலையத்துக்கும் நடுவில் ஒரு கழிவுநீர்க் கால்வாய் இருந்தது, அதற்குப் பாலம் இல்லை. கால்வாய்க்கு அப்பால் மூவாயிரம் கார் நிறுத்துவதற்கான மைதானமும், அதைச் சுற்றி ஆளுயர மதில் சுவரும் இருந்தன. காரே வேண்டாம் என்பதற்காகக் கட்டிய நிலையத்துக்கு மூவாயிரம் காருக்கு எதற்கு இடம் என்று கேட்டால், விதி அப்படி என்றார்கள். அந்த மைதானத்தில் எந்நாளும் பதினோரு கார்தான் நிற்கும். பதினொன்றும் திட்ட அலுவலகத்தார் மேற்பார்வைக்கு வந்த கார்கள். குடியிருப்பின் வாசலோ நிலையத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு எதிர்த்திசையில் இருந்தது. ஆக, வாசல் வழியாக வெளியே போய், கால்வாய் ஓரமாகவே சுற்றி, நெடுஞ்சாலையில் லாரிகளுக்கு நடுவே உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு கடந்து, மதிலை ஒட்டி நடந்தால் நிலையம் வரும். நாற்பத்தேழு நிமிடம். புகார் சொல்லப் போனவர்களிடம் காம்பஸ் வரைபடத்தை விரித்து, “வட்டத்துக்குள்ளதானே இருக்கீங்க? அப்புறம் என்ன?” என்று கேட்டார்.

இணைப்புப் பேருந்து ஒன்றும் விட்டார்கள். அது நிலையத்துக்கு வந்து சேரும் நேரம் ஏழு பதினாலு. ரயில் கிளம்பும் நேரம் ஏழு பத்து. பேருந்துக்கு நேரம் குறிக்கும் பிரிவு திட்ட அலுவலகக் கட்டடத்தில் மூன்றாம் மாடியிலும், ரயிலுக்கு நேரம் குறிக்கும் பிரிவு அதே கட்டடத்தில் நான்காம் மாடியிலும் இருந்தன. நடுவில் லிஃப்ட் ரிப்பேர். படியேறிப் போய்க் கேட்கலாமே என்றால், அதற்கு மேலிடத்து உத்தரவு வேண்டுமாம். இப்படியாகப் பேருந்தில் வந்த அத்தனை பேரும் ரயிலின் பின்பக்கத்தை மட்டும் தினமும் தவறாமல் பார்த்தார்கள்.

அந்தச் செவ்வாய்க்கிழமை ரயிலை விட்டவர் ஏழாம் பிளாக்கின் எக்ஸ்ரே அக்கா. நகரத்து ஆஸ்பத்திரி ஒன்றில் எக்ஸ்ரே எடுக்கும் வேலை. கணவர் இல்லை. எப்படி இல்லை என்று யாரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. ஆறு வயதில் ஒரு மகள். குடியிருப்பிலேயே பள்ளிக்கூடம் வரும் என்று விளம்பரத் தாளில் பச்சைப் பென்சிலால் கட்டம் போட்டுக் காட்டியிருந்தார்கள். கட்டம் இருந்த இடத்தில் ‘பள்ளி வளாகம்’ என்று ஒரு பலகையும் இடுப்பளவு புல்லும் இருந்தன. ஆகவே நகரத்தில் இருக்கும் தங்கை வீட்டில், அங்கிருக்கும் பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில், மகளை ‘ஒரே ஒரு மாசத்துக்கு’ என்று விட்டு வந்திருந்தார். ஒரு மாதம் ஐந்து மாதமாகியிருந்தது. ஆஸ்பத்திரியில் மூன்று நாள் தாமதமாகப் போனால் அரை நாள் விடுப்பு போய்விடும். விடுப்பு இருந்தால்தான் வார நடுவில் ஒரு நாளாவது மகளைப் போய்ப் பார்க்கலாம். அன்றைக்கு ரயில் கதவு அவர் மூக்குக்கு நேராக மூடியபோது போனது கடைசி அரை நாள்.

“மனுஷி இன்னும் எவ்வளவுதான்டா ஓடுறது!” என்று எக்ஸ்ரே அக்கா வெற்றுத் தண்டவாளத்தைப் பார்த்துக் கத்தினார். அந்த நொடியில்தான் கட்டடம் முதல் எட்டு வைத்தது.

இதைக் கண்டுபிடித்துச் சொன்னவர் இரண்டாம் மாடியில் இருந்த ஓய்வுபெற்ற கணக்கு ஆசிரியர். கணக்கு சார் என்றால் எல்லோருக்கும் தெரியும். தரைத்தளத்துச் சுவரை ஒட்டி, ஏதோ சந்தேகத்தில் அவர் தரையில் போட்டுவைத்த சாக்பீஸ் கோடு, வாரக் கடைசியில் பார்த்தால் பதினைந்து அடி பின்னால் கிடந்தது. அவர் நிலையத்தின் பெஞ்சில் நோட்டோடு போய் உட்கார்ந்தார். பதினோரு வாரம் உட்கார்ந்து, விஷயம் இதுதான் என்று அறிவித்தார். ஏழாம் பிளாக்கைச் சேர்ந்த ஒருவர் ஓடிவந்து ரயிலை விட்டால், கட்டடம் ஒரு எட்டு முன்னால் வரும். எண்ணூறு மீட்டரை இரண்டரை அடியால் வகுத்தால் ஆயிரத்து ஐம்பது. அத்தனை ரயிலை விட்டால் வாசல் பிளாட்பாரத்தில் இருக்கும். மற்ற பிளாக்குகளும் இதே கணக்கில் கிளம்பியிருந்தன. ஏழாம் பிளாக்கில்தான் ரயிலை விடுகிறவர்கள் அதிகம், அதனால் அது முன்னால் போனது.

உடனே சில கெட்டிக்காரர்கள் முறைவைத்து ரயிலை விடலாம் என்று கிளம்பினார்கள். அது பலிக்கவில்லை. கணக்கு சாரே ஒரு நாள் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடிவந்து, மூச்சு வாங்க ரயிலை விட்டுப் பார்த்தார். கட்டடம் அசையவில்லை. “எனக்கு இன்னைக்கு எங்கயும் போக வேண்டியதில்ல. அதுக்குத் தெரிஞ்சிருக்கு” என்றார். ஆக, போயே தீரவேண்டும் என்கிறவர் உண்மையாகவே ஓடி, உண்மையாகவே விட்டு, உண்மையாகவே வயிறெரிந்தால்தான் கணக்கில் சேரும். அதற்கு ஏழாம் பிளாக்கில் பஞ்சமில்லை.

கால்வாயைக் கடந்த வாரத்தில் தரைத்தளத்து வீடுகளில் கணுக்காலளவு தண்ணீரும் பொறுக்க முடியாத நாற்றமும் இருந்தன. குடிநீர்க் குழாய்களும் மின்கம்பிகளும் பின்னாலேயே இழுபட்டு வந்தன. குழாய் ரிப்பேர்க்காரர் மாதம் ஒருமுறை வந்து, கட்டடம் நகர்வதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்காமல், இருபது அடி குழாயை நடுவில் சேர்த்துவிட்டுப் போனார். மதில் சுவரை, தடுக்கி விழாமல் வாசற்படி தாண்டுகிற மாதிரி, கட்டடம் தாண்டியது. அலமாரியில் இருந்த பாத்திரங்கள் விழுந்தன, ஒரு குழந்தை தூக்கத்திலிருந்து எழுந்து அழுதது. கார் மைதானத்துக்குள் பிளாக் நுழைந்த மறுநாள் திட்ட அலுவலகத்துக்கு மூக்கில் வியர்த்துவிட்டது. ‘வாகனங்கள் மட்டுமே நிற்க வேண்டிய இடத்தில் நிற்கும் இக்கட்டடம் ஏழு நாட்களுக்குள் இங்கிருந்து நகர வேண்டும்’ என்று சுவரில் அறிவிப்பு ஒட்டினார்கள். அந்த அலுவலகம் ஒட்டிய அறிவிப்புகளில் யாரேனும் மதித்து நடந்தது இது ஒன்றைத்தான். ஏழு நாளில் கட்டடம் ஒன்பது எட்டு நகர்ந்தது, நிலையத்துப் பக்கமாக.

இந்த நாட்களில் எக்ஸ்ரே அக்காவின் மகள் சனிக்கிழமை மத்தியானம் சித்தியோடு வருவாள், ஞாயிறு சாயங்காலம் ஐந்து இருபது ரயிலில் திரும்பிப் போவாள். மூன்று ஞாயிற்றுக்கிழமை அந்த ரயிலை விட்டுவிட்டாள். பிளாட்பாரத்தில் நின்று தேம்பித் தேம்பி அழுதாள், மறுநாள் பரீட்சை. கட்டடம் அசையவில்லை. மூன்றாவது முறை எக்ஸ்ரே அக்கா பெஞ்சில் கிடந்த நோட்டை எட்டிப் பார்த்தார். மகளின் வரிசைக்கு எதிரே ‘விருந்தாளி, கணக்கில் சேராது’ என்று எழுதியிருந்தது.

“சார், அவ என் பொண்ணு.”

“தெரியும்மா. நானா ஒண்ணும் எழுதல. அது நகரலையே, நான் என்ன பண்ணட்டும்?” என்றார் கணக்கு சார். அவருக்கும் சங்கடமாகத்தான் இருந்தது. பேனாவை எடுத்து அந்த வரியை அடித்தார். அடித்ததால் எதுவும் மாறிவிடவில்லை.

இரண்டு வருடமும் மூன்று மாதமும் போயின. பன்னிரண்டு பிளாக்குகளும் மைதானத்துக்குள் வந்து, ஒன்றையொன்று இடிக்காமல் இடம் பார்த்து நின்றுகொண்டன. நடுவில் விட்ட சந்துகள் தெருக்களாயின. தரைத்தளத்தில் ஒரு தையல்காரர் மெஷின் போட்டார். காய்கறிக்காரர் வந்தார், பின்னாலேயே முடிவெட்டும் கடை, மருந்துக் கடை, குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் ஒரு அம்மா. சாயங்காலம் ரயிலிலிருந்து இறங்குகிறவர்கள் போகிற வழியிலேயே தைத்த சட்டையையும் வெண்டைக்காயையும் வாங்கிக்கொண்டு வீட்டுக்குள் நுழைந்தார்கள். பதினோரு காரும் நிற்க இடமில்லாமல் அலுவலகத்துக்கே திரும்பிப் போயின. நிலையம் கிட்ட வர வர ரயிலை விடுகிறவர்கள் குறைந்தார்கள். ஆயிரம் அடி மிச்சம் இருக்கும்போது ஏழாம் பிளாக் நின்றுவிட்டது. நாலு நிமிட நடை, யாரும் ரயிலை விடவில்லை. கணக்கு சார் வெறும் நோட்டோடு பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். பழக்கம் விடவில்லை.

அப்போது திட்ட அலுவலகத்துக்கு விருது கிடைத்தது. ரயிலை நடுவில் வைத்து மக்களை வாழவைத்த முன்மாதிரிக் குடியிருப்பு என்று வெளியூரிலிருந்தெல்லாம் அதிகாரிகள் பார்க்க வந்தார்கள். காம்பஸ் அவர்களுக்குத் தெருத்தெருவாகச் சுற்றிக் காட்டி, எல்லாம் ஆரம்பத்திலேயே போட்ட திட்டம் என்றார். விளம்பரத் தாளையும் திரும்ப அச்சடித்தார்கள். இந்தத் தடவை ‘நாலே நிமிடம்’.

நாலு நிமிட நடை என்றால் மகளை அழைத்துக்கொள்ளலாம். ஏழு மணிக்கு இரண்டு பேரும் கிளம்பினால் ஏழு பத்து ரயில், எட்டு மணிக்குள் பள்ளிக்கூடம். எக்ஸ்ரே அக்கா தங்கை வீட்டுக்குப் போய்ச் சொன்னார். தங்கை அடுப்பை அணைத்துவிட்டு வந்தாள். “அக்கா, நான் ஒண்ணும் புடிச்சு வெச்சுக்கல. நீ அவளையே கேளு” என்றாள். கண் கலங்கியிருந்தது.

மகளுக்கு இப்போது ஒன்பது வயது நெருங்குகிறது. வீட்டுப்பாடத்திலிருந்து தலையை நிமிர்த்தாமல் கேட்டாள். “அதான் சனிக்கிழமை உங்க வீட்டுக்கு வரேன்லம்மா. அங்கயே வந்துட்டா அப்புறம் எப்ப நம்ம வீட்டுக்கு வர்றது?”

எக்ஸ்ரே அக்கா அன்று ரயிலில் திரும்பும்போது அழவில்லை. கோபம் அழுகையை முந்திக்கொண்டது. மகள் மீது இல்லை, தங்கை மீதும் இல்லை. மறுநாள் அரை நாள் விடுப்புப் போட்டு நேராகத் திட்ட அலுவலகத்தின் மூன்றாம் மாடிக்குப் படியேறினார். லிஃப்ட் இன்னும் ரிப்பேர்தான். காம்பஸின் அறையில் கண்ணாடிப் பெட்டிக்குள் குடியிருப்பின் மாதிரி வைத்திருந்தார்கள். அட்டையில் வெட்டிய நிலையம், அட்டையில் வெட்டிய பிளாக்குகள், நடுவில் விரலளவு மனிதர்கள். ஒரு விரலளவு அம்மா ஒரு நகத்தளவு குழந்தையின் கையைப் பிடித்துக்கொண்டு நிலையத்துக்கு நடந்துகொண்டிருந்தாள். குறை சொல்ல வந்தவர் என்று நினைக்காமல், பாராட்ட வந்தவர் என்று நினைத்து காம்பஸ் நாற்காலியைக் காட்டினார்.

“இப்ப சந்தோஷமா? நாலே நிமிஷம்” என்றார்.

“சந்தோஷம் சார். கிட்டத்தட்ட மூணு வருஷம் என் பொண்ணு என்கூட இல்ல. ஆறு வயசும் ஏழு வயசும் எட்டு வயசும் நான் பாக்கவே இல்ல. அதைத் திருப்பிக் குடுக்குற ஃபாரம் எங்க குடுப்பாங்க?”

காம்பஸ் கெட்ட மனிதர் இல்லை. அதுதான் இதில் இன்னும் எரிச்சலான விஷயம். கேள்வியை உண்மையாகவே யோசித்தார். மேசை மேலிருந்த பட்டியலை விரலால் தடவிப் பார்த்தார். “அது எங்க பிரிவுல வராதும்மா. நாலாவது மாடியில கேட்டுப் பாருங்க” என்றார்.

எக்ஸ்ரே அக்கா நாலாவது மாடிக்கும் ஏறிப் பார்த்தார் என்று சிலர் சொல்கிறார்கள். ஏறியிருந்தால் அங்கே மதிய உணவு இடைவேளையாக இருந்திருக்கும்.

விடுமுறை முடிந்து நகரத்துப் பள்ளிக்கூடம் திறந்த அன்று அவர் மகளை அழைத்து வந்துவிட்டார். ஒரு மாதம் இருந்து பார்ப்பது, பிடிக்காவிட்டால் சித்தி வீட்டுக்கே போய்விடுவது என்று பேச்சு. இன்னொரு ‘ஒரு மாதம்’. மகள் தன் துணிப்பையைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவைத்தாள். அலமாரியில் இரண்டு தட்டுகளைக் காலிசெய்து அக்கா வைத்திருந்தார். காலியாகவே இருந்தன. உடுப்பு வேண்டும்போது பையிலிருந்து எடுப்பாள், துவைத்து மடித்ததைப் பையிலேயே வைப்பாள். கேட்டதற்குப் பதில் சொல்வாள், கொடுத்ததைச் சாப்பிடுவாள், தூங்கும் முன் ‘குட்நைட்’ சொல்வாள். வந்த இடத்தில் நல்ல பெயர் எடுக்கும் குழந்தை மாதிரி நடந்துகொண்டாள். எக்ஸ்ரே அக்காவுக்கு அதைத்தான் தாங்க முடியவில்லை. ஒரு நாளாவது சண்டை போடக் கூடாதா என்று இருந்தது. காலையில் ஆறரைக்கெல்லாம் ஷூ மாட்டிக்கொண்டு வாசலில் நிற்பாள். ஐந்து வாரம், ஒரு ரயில்கூட விடவில்லை. ஒரு மாதம் தாண்டிவிட்டதை இருவருமே பேச்சில் எடுக்கவில்லை.

ஆறாவது வாரத்தில் ஒரு திங்கட்கிழமை இடது கால் ஷூவைக் காணவில்லை. ஏழு மணி ஆனது, ஏழு ஐந்து ஆனது. மகள் கட்டிலுக்கு அடியில் படுத்துத் தேடினாள். “நீதான் எங்கயோ வெச்சிருப்ப!” என்று முதல்முறையாக அம்மாவைப் பார்த்துக் கத்தினாள். “போட்ட எடத்துல இருக்கும், தேடுடி. நான் போய்க் கதவைப் புடிச்சு வெக்கிறேன், ஓடி வா” என்று அக்காவும் கத்திவிட்டு ஓடினார். ரயில் வந்தது. ஏறி, கதவருகே நின்று, ஒரு காலைக் குறுக்கே நீட்டினார். கார்டு விசிலடித்து, பின்னாலிருந்து கூட்டம் உள்ளே தள்ளி, காலை இழுத்துக்கொள்ள வேண்டியதாயிற்று. மகள் பிளாட்பாரத்தின் முனையில் தெரிந்தாள், ஒரு காலில் ஷூவும் மறு காலில் வீட்டுச் செருப்புமாக. ஓடி வந்தாள். வந்து கதவைத் தொட்டாள். கதவு மூடியிருந்தது.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மகளின் வாய் அசைவது தெரிந்தது. முகம் சிவந்து, பையைத் தரையில் எறிந்து, காலை உதைத்துக்கொண்டு யாரையோ திட்டினாள். பெஞ்சிலிருந்து கணக்கு சார் எழுந்து, அடுத்த ரயிலில் தான் ஏற்றிவிடுவதாக அக்காவைப் பார்த்துக் கையாட்டினார். ஆட்டிய கை பாதியில் நின்றது. அவர் திரும்பி, பிளாட்பாரத்துக்குப் பின்னால் பார்த்தார்.

ஏழு மாதம் அசையாமல் நின்றிருந்த ஏழாம் பிளாக் ஒரு எட்டு வைத்தது. ஐந்து மாடியிலும் கொடியில் காய்ந்த துணிகள் முன்னும் பின்னும் ஆடின. தையல்காரர் மெஷினைப் பிடித்துக்கொண்டார். ரயிலில் இருந்த இரண்டு மூன்று பேர் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டுக் கைப்பேசிக்குத் திரும்பினார்கள்.

எக்ஸ்ரே அக்கா கம்பியைப் பிடித்தபடி ஓவென்று அழ ஆரம்பித்தார். அப்புறம் சிரித்தார். எது முன்னால், எது பின்னால் என்று பக்கத்தில் நின்றவர்களுக்குத் தெரியவில்லை. ஒரு அம்மாள் தோளைத் தொட்டு, “என்னம்மா ஆச்சு?” என்று கேட்டார்.

“என் பொண்ணு ரயிலை விட்டுட்டா.”

“அட, அதுக்கா அழறீங்க? அடுத்தது இருபது நிமிஷத்துல வருது.”

அக்கா அடுத்த நிலையத்தில் இறங்கி நின்றார். திட்டுவதற்கென்று நாலைந்து வார்த்தைகளை வழியெல்லாம் வரிசைப்படுத்தி வைத்திருந்தார். ஷூவை ராத்திரியே எடுத்து வைக்க வேண்டும் என்பது அதில் முதலாவது. இருபது நிமிடத்தில் ரயில் வந்தது. மகள் கதவருகிலேயே நின்றுகொண்டிருந்தாள், காலில் இன்னும் அதே செருப்பு. அம்மா ஏறுவதற்குள், கூட்டத்துக்கு மேலாகக் கத்தினாள்.

“அம்மா! நம்ம வீடு நகர்ந்துச்சே, பாத்தியா? என்னாலதான்! சார் நோட்ல எழுதிட்டாரு!”

அன்று எக்ஸ்ரே அக்கா ஆஸ்பத்திரிக்கு இருபத்திரண்டு நிமிடம் தாமதம். மகளைப் பள்ளியில் விட்டுவிட்டுப் போனதில் அந்த மாதம் ஏற்கெனவே இரண்டு தாமதம், இது மூன்றாவது, அரை நாள் விடுப்பு போயிற்று. பதிவேட்டில் காரணம் என்ற கட்டத்தில், ரயிலை விட்டது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.